ஆண்டோர் சமயமும் அடைத்த கதவும்



குன்னூரை அடுத்த இம்மலைச்சாரலில், தேயிலைத் தோட்டங்களின் நடுவே எழுந்தருளியுள்ள அம்மையப்பர் திருக்கோயிலின் பெருவிழாவில் இன்று ஐந்தாம் திருநாள். மாலையில் பெய்த மழையையும் பொருட்படுத்தாது, கம்பளியைப் போர்த்துக்கொண்டு இத்துணைப் பேர் வந்து அமர்ந்திருப்பது நமக்குப் பேருவகை தருகின்றது. இன்று நமக்கு அளிக்கப்பெற்ற தலைப்பு 'நாயன்மார் காட்டிய நெறி' என்பது. அத்தலைப்பை விட்டுவிடப் போவதில்லை. ஆயினும் வேறொரு வாயில் வழியாக அதனுள் நுழையலாம் என்று எண்ணுகின்றோம்.

நேற்றிரவு அர்த்தசாம வழிபாடு முடிந்தபின், கல்லூரியில் பயிலும் இளைஞர் ஒருவர் நம்மிடம் வந்தார். "ஐயா, வெள்ளைக்காரன் நம்மை அடிமையாக்கினான். நம் உழைப்பைச் சுரண்டினான். அப்படிப்பட்டவனுடைய மதத்தை நம் மக்களே ஏன் ஏற்றுக்கொண்டார்கள்? அடித்தவன் கும்பிடும் சாமியை அடிபட்டவன் கும்பிடுவானா?" என்று கேட்டார். அருகில் நின்ற பெரியவர் ஒருவர், நாம் வாய் திறக்கு முன்பே, "எல்லாம் பால்பவுடருக்கும் கோதுமைக்கும்தான் தம்பி" என்று விடை சொல்லி அனுப்பிவிட்டார். இளைஞர் போய்விட்டார். நமக்குத்தான் உறக்கம் வரவில்லை. பெரியவர் சொன்ன விடை எளிய விடை. நமக்குச் சுகமான விடை. அதனாலேயே அதனை நாம் ஐயுற வேண்டும்.

இந்த நீலகிரியை எடுத்துக்கொள்வோம். கோயமுத்தூர்க் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819இல் இம்மலைக்கு ஏறி வந்தார். பன்னிரண்டே ஆண்டுகளில், 1831இல், உதகையில் புனித ஸ்தேவான் தேவாலயம் வழிபாட்டிற்குத் திறக்கப்பெற்றது. அத்தேவாலயத்தைப் பார்த்திருப்பீர்கள். அதன் கூரையைத் தாங்கும் பெரிய மரங்கள் எங்கிருந்து வந்தன, தெரியுமா? சீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து கழற்றப்பெற்று, இம்மலைக்கு ஏற்றப்பெற்றவை. 1799இல் வீழ்ந்த ஓர் அரசின் உத்திரம், அவ்வரசை வீழ்த்தியவரின் வழிபாட்டு இடத்திற்குக் கூரையாயிற்று. இதனைக் கேட்டதும் நம்முள் சிலருக்குச் சினம் பிறக்கும். பொறுங்கள். திருநாவுக்கரசு சுவாமிகளைக் கல்லிற் கட்டிக் கடலில் இடச் செய்த பல்லவ மன்னன் பின்னர்ச் சைவனானான். பாடலிபுத்திரத்திலிருந்த சமணப் பள்ளியை இடித்து, அக்கல்லைக் கொணர்ந்து திருவதிகையில் குணபரவீச்சரம் எடுத்தான். இதனை நமக்குச் சொல்பவர் வேற்றுச் சமயத்தார் அல்லர். தெய்வச் சேக்கிழாரே சொல்கின்றார். 'அரசன் எவ்வழி, குடிகள் அவ்வழி' என்பது நாட்டு வழக்கு. பல்லவனும் பாண்டியனும் சைவம் சார்ந்தபொழுது, அவர்தம் குடிகளுள் எத்துணைப் பேர் திருவருள் உணர்ந்து வந்தனர், எத்துணைப் பேர் அரசனைப் பார்த்து வந்தனர் என்று நம்மால் சொல்ல இயலுமா? ஆகவே இவ்வினாவை ஆராயும்பொழுது, ஆண்டோர் சமயம் என்ற பெயர் ஒரு காலத்தில் நமக்கும் உரியதாக இருந்தது என்பதை மறவாமல் ஆராய்வது நன்று.

இனி நீலகிரியின் வரலாற்றில் நம் பெரியவரின் விடையைச் சோதித்துப் பார்ப்போம்.

கேத்திப் பள்ளத்தாக்கில் 1846இல் பாசல் மிஷன் பணி தொடங்கிற்று. கசமேஜர் என்ற ஆங்கிலேயக் கனவான் அதற்குத் துணை நின்றார். தம் உடைமையையும் அதற்கே விட்டுச் சென்றார். மெட்ஸ் என்ற பாதிரியார் படகர் பேச்சைக் கற்றுக்கொண்டு, அட்டி அட்டியாக நடந்தே சென்று போதித்தார். பள்ளி உண்டு, மருந்து உண்டு. மிஷனுக்குப் பின்னால் கலெக்டரும் உண்டு, படையும் உண்டு. ஆட்சியின் நிழல் வேண்டுமென்றால் இதனினும் அடர்ந்த நிழல் இருக்க முடியாது. பயன் என்ன? முதற் படகர் ஒருவர் ஞானஸ்நானம் பெற்றது 1858இல். பன்னிரண்டு ஆண்டுக்கால நடைக்குப்பின் ஒருவர்! அதன் பிறகும் ஏராளமானோர் சேரவில்லை. படகர் பேச்சில் லூக்கா சுவிசேஷம் 1890இல் அச்சேறிற்று. அப்பொழுதும் மக்கள் திரளவில்லை. இன்றும் படகருள் கிறித்துவர் சிறுபான்மையினரே. மார்கழி கழியும் நாளில் பேரகணிக்குச் சென்று பாருங்கள். வெள்ளாடை உடுத்து எத்தை அம்மனை வணங்க வரும் கூட்டம், பாசல் மிஷன் வருமுன் எவ்வாறு வந்ததோ அவ்வாறே இன்றும் வருகின்றது. உடலில் இலிங்கம் தரிக்கும் பிரிவினரும் அவருள் உளர்.

படகர் பெருமக்கள் அறியாமையால் அவ்வாறு இருந்தாரல்லர். அவர்கள் மிஷன் பள்ளியில் பிள்ளைகளைச் சேர்த்தார்கள். மருந்தை வாங்கி உண்டார்கள். வெள்ளையர் கொணர்ந்த உருளைக்கிழங்கைப் பயிரிட்டுப் பொருள் ஈட்டினார்கள். பின்னர்த் தேயிலையும் பயிரிட்டார்கள். கொடுத்தவற்றை எல்லாம் பெற்றுக்கொண்டு, மதத்தை மட்டும் விட்டுவிட்டார்கள். பால்பவுடரால் மதம் மாறுமென்றால் கேத்திப் பள்ளத்தாக்கு முழுவதும் அன்றே மாறியிருக்க வேண்டுமே!

அவர்கள் ஏன் மாறவில்லை? அவர்களுக்கு நிலம் இருந்தது. அட்டி இருந்தது. ஊர்க்கூட்டம் இருந்தது. தங்கள் தெய்வத்தின் முன் நிற்க எவரிடமும் இசைவு கேட்க வேண்டிய நிலை இல்லை. மற்றொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மதம் மாறியவரை ஊர் விலக்கி வைத்தது. அவர் அட்டியை விட்டு வேறிடம் சென்று வாழ நேர்ந்தது. அவ்வச்சமும் ஒரு காரணம். ஆனால் விலக்கி வைத்தல் யாருக்கு அச்சம் தரும்? உள்ளே இடம் உள்ளவனுக்குத்தான் வெளியேற்றம் தண்டனை. என்றுமே வெளியில் நிற்பவனை எங்கே வெளியேற்றுவது?

இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு மலையிறங்கித் தென்குமரிப் பக்கம் செல்வோம். அங்கே மயிலாடி என்றோர் ஊர். கல்லில் சிலை வடிக்கும் ஊர். நம் திருக்கோயில்கள் பலவற்றிற்குத் திருமேனி செய்து தரும் ஊர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அவ்வூரில் சாம்பவர் குலத்தில் மகாராசன் என்று ஒருவர் இருந்தார். அவர் பக்தர். கால்நடையாகச் சிதம்பரம் சென்றார். மயிலாடி எங்கே, தில்லை எங்கே! அத்துணைத் தொலைவு நடந்தவர் மனம் நிறையாமல் திரும்பினார் என்றும், வரும் வழியில் தஞ்சையில் கிறித்துவ வழிபாட்டைக் கண்டு அச்சமயம் சேர்ந்து வேதமாணிக்கம் ஆனார் என்றும் மிஷன் வரலாறுகள் கூறுகின்றன. பின்னர் அவர் அழைப்பின் பயனாகவே ரிங்கல்தௌபே என்ற பாதிரியார் 1806இல் மயிலாடிக்கு வந்தார். 1809இல் அங்கே தேவாலயம் எழுந்தது. தென் திருவிதாங்கூரின் சீர்திருத்தச் சபை அங்கிருந்து வளர்ந்தது.

மகாராசனார் தில்லையில் மனம் கசந்தமைக்கு மிஷனார் தம் நோக்கில் ஒரு காரணம் சொல்வர். அது நிற்க. அக்காலத்தில் அவர் குலத்தாருக்குத் தில்லைத் திருக்கோயிலுள் இடம் இல்லை என்பது நாம் எல்லோரும் அறிந்த செய்தி. மெய்யன்பர்களே, தில்லைக்கு நடந்த மற்றொருவரை உங்களுக்குத் தெரியும். ஆதனூர் நந்தனார். 'நாளைப் போவேன், நாளைப் போவேன்' என்று ஏங்கி, திருநாளைப்போவார் என்றே பெயர் பெற்றவர். திருப்புன்கூரில் அவர் பொருட்டு நந்தி விலகிற்று. அறுபத்துமூவருள் ஒருவராக அவரைச் சுற்றாலையில் எழுந்தருளுவித்திருக்கின்றோம். நேற்றுக்கூட அவர் திருமுன் விளக்கேற்றினோம். அவர் கதையைக் கேட்டுக் கண்ணீர் சொரிந்தோம். ஆனால் அவர் குலத்தார் ஒருவர், அவரைப் போலவே ஏங்கி, அவர் நடந்த தில்லைக்கே நடந்தபொழுது, அவர் திருமேனியைத் தொழும் நாம் என்ன செய்தோம்? இறைவன் நந்தியை விலகச் சொன்னான். நாம் விலகவில்லை.

அவர் ஆண்டவனுடைய பகைவரிடம் போகவில்லை. அடைத்திருந்த கதவின் முன் நின்று பார்த்தார். திறந்திருந்த கதவுக்குள் போனார். அதனை ஆண்டோரின் சமயம் என்று நாம் சொல்கின்றோம். அவர் கண்ணுக்கு அது முதலில் திறந்த கதவாகத் தோன்றியிருக்கும். அத்தென்பகுதியில் நாடார் குலப் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகப் பல்லாண்டு போராடினர். 1859இல்தான் திருவிதாங்கூர் அரசு அதற்கு இசைந்தது. ஒரு பெண் தன் மார்பை மறைத்துக்கொள்ள அரசாணை வேண்டியிருந்த நாட்டில், மறைத்துக்கொள் என்று சொன்ன சமயத்தில் அவள் சேர்ந்தால், அவளைக் குறை கூற நமக்கு நா எழுமா?

'ஆட்சி பின்னால் இருந்ததால்தானே துணிந்தார்கள்?' என்று கேட்கலாம். ஓரளவு உண்மை. ஆட்சியாளனின் சமயத்தைச் சார்ந்தவனை ஊர்ப் பெருந்தனக்காரர் அடிக்கத் தயங்குவர். எளியவனுக்கு அதுவே பெரிய காப்பு. ஆனால் ஆட்சியும் மிஷனும் ஒன்றே என்று எண்ணிவிடக் கூடாது. சென்னை மாகாணத்தின் 1817ஆம் ஆண்டு ஏழாவது சட்டப்படி நம் திருக்கோயில்களின் அறக்கட்டளைகளை மேற்பார்த்தவர் யார்? கிழக்கிந்தியக் கம்பெனியார்தாம்! பாதிரிமார் கூக்குரலிட்ட பிறகே, 1840களில், அப்பொறுப்பினின்றும் விலகினர். கேத்தியில் போதித்த பாசல் மிஷனாரோ ஆங்கிலேயரே அல்லர். அம்மிஷன் சுவிட்சர்லாந்தில் தோன்றியது. ஊழியருள் பலர் ஜெர்மானியர். முதல் உலகப் போர் வந்ததும் அந்த ஜெர்மானியப் பாதிரிமாரை ஆங்கில அரசே பகைவராக நடத்திற்று. ஆக, ஆண்டவர் நம் கோயிலையும் மேற்பார்த்தனர். மக்கள் அவர்தம் சமயத்திற்கும் சென்றனர். இவ்விரண்டையும் ஒருங்கே வைத்துப் பார்த்தால், ஆட்சி ஒன்றே காரணம் என்று சொல்ல வாய் வரவில்லை.

இதனை அளந்தறிய ஓர் உரைகல் உண்டு. ஆட்சி மாறும்பொழுது என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

யாழ்ப்பாணத்தை 1619இல் போர்ச்சுகீசியர் கைப்பற்றினர். 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்தனர். 1658இல் ஒல்லாந்தர் வந்தனர். அவர் காலத்தில் பதவி வேண்டுமா, ஞானஸ்நானம் வேண்டும். திருமணம் பதிவாக வேண்டுமா, பிள்ளைக்குச் சொத்துச் செல்ல வேண்டுமா, தேவாலயத்து ஏட்டில் பெயர் வேண்டும். மக்கள் ஏட்டில் பெயர் எழுதிக்கொண்டனர். இல்லத்தில் திருநீறு தரித்தனர். 1796இல் ஆங்கிலேயர் ஆட்சி வந்து அக்கட்டாயம் தளர்ந்ததும், ஏட்டுக் கிறித்துவர் பெருந்தொகையினர் மீண்டும் கோயிலுக்கு வந்துவிட்டனர். அம்மண்ணில், நல்லூரில், 1822இல் தோன்றியவரே ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர். மிஷன் பள்ளியில் பயின்று, பார்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் துணைநின்றவர், 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். நாவலர் பெருமான் பாதிரியாரை வைதுகொண்டு மட்டும் இருந்தாரல்லர். பள்ளி திறந்தார், பாடநூல் எழுதினார்.

முத்துக்குளித்துறைப் பரதவரைப் பாருங்கள். 1536ஐ ஒட்டிய ஆண்டுகளில், கடலிலும் கரையிலும் தம்மை நெருக்கிய பகையினின்று காப்பு வேண்டி, அவர்கள் ஊர் ஊராகப் போர்ச்சுகீசியரின் சமயத்தைத் தழுவினர். பிரான்சிஸ் சவேரியார் அங்கு வந்ததே 1542இல்தான். அவர் வருமுன்பே மக்கள் பெயரளவில் கிறித்துவர். இது காப்புக்காக மட்டும் வந்த மாற்றம் என்றால், காவலன் வீழ்ந்தவுடன் கலைந்திருக்க வேண்டும். 1658இல் தூத்துக்குடி ஒல்லாந்தர் கைக்கு மாறியது. ஒல்லாந்தர் சீர்திருத்தச் சபையினர். பரதவரைத் தம் சபைக்கு இழுக்க முயன்றனர். பரதவர் அசையவில்லை. புதிய ஆண்டோரின் சமயத்தை ஏற்க மறுத்துக் கத்தோலிக்கராகவே நின்றனர். இன்று பனிமய மாதாவிற்குத் தங்கத்தேர் இழுக்கும்பொழுது, வடம் பிடிக்கும் கைகளைப் பாருங்கள். நம் தேர் வடம் பிடித்த அதே கைகள்.

பதவிக்காக மாறியவர் பதவி போனதும் திரும்பினர். புகலிடம் தேடி மாறியவர் திரும்பவில்லை. இதற்கிடையில், ஒடுக்கப்படாமலே, உள்ளம் உவந்து சென்றோரும் உளர். கேத்தியில் முதற் படகர் ஞானஸ்நானம் பெற்ற அதே 1858இல், திருநெல்வேலிச் சீமையில் பிறந்த வைணவ வேளாளர் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை கிறித்துவரானார், பின்னர் இரட்சணிய யாத்திரிகம் பாடினார். அவரை யாரும் கோயிலுக்கு வெளியே நிறுத்தவில்லை. நம்பிக்கையின் பேரால் சென்றவரை வணங்கி வழிவிடுவதே முறை. நம் ஆராய்ச்சி, புகலிடம் தேடிச் சென்றவரைப் பற்றியது.

இதற்கு மறுபுறமும் ஒன்று உண்டு. அது உங்கள் கதை. உங்களுள் பலருடைய பாட்டன் பூட்டன்மார் திருச்சி, மதுரை, புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து இலங்கைக் காப்பித் தோட்டத்திற்கும், பின்னர்த் தேயிலைத் தோட்டத்திற்கும் சென்றவர்கள். அவர்களினும் ஒடுக்கப்பட்டவர் யார்? துரை வெள்ளையர். தோட்டக் கூலிகளுக்கென்றே 1854இல் ஒரு மிஷன் தொடங்கப்பெற்றது. ஆயினும் பெரும்பாலோர் மாறவில்லை. ஏன்? மலை ஏறும்பொழுதே மாரியம்மனைத் தோளில் சுமந்து ஏறினார்கள். லயத்துக்கு அருகிலேயே மரத்தடியில் நிறுத்தினார்கள். தாமே பொங்கலிட்டார்கள், தாமே கரகம் எடுத்தார்கள். துரையே திருவிழாவிற்கு விடுமுறையும் பணமும் கொடுத்தார். அங்கே மூடுவதற்குக் கதவே இல்லை. தெய்வம் கையெட்டும் தொலைவில் இருந்தபொழுது ஆண்டோர் சமயம் அவர்களை அசைக்கவில்லை.

1964 அக்டோபர் 30இல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் ஆயிற்று. 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று தாளில் எழுதினார்கள். அவ்வாறு வந்தவருள் பலரைக் குடியமர்த்தவே அரசு 1968இல் நீலகிரியில் தேயிலைத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கிற்று. 1975இல் அது டான்டீ கழகமாயிற்று. கோத்தகிரி, குன்னூர், பந்தலூர், சேரம்பாடி என்று மலைகளில் சிதறி, 'சிலோன்காரர்' என்று பெயர் பெற்றீர்கள்.

நம் திருக்கோயிலுக்குக் கீழேயுள்ள லைன் வீடுகளில் ஒரு மூதாட்டியார் இருக்கின்றார். மூன்று நாள்களுக்குமுன் அவர் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். தலைமன்னாரில் கப்பலேறியபொழுது மடியில் முடிந்து வந்த ஒரு சிறு சூலத்தை எடுத்துக் காட்டினார். அவர் இருந்த தோட்டத்து அம்மன் சூலம். மண்டபம் முகாமிலும் அதனைத் தலைமாட்டிலேயே வைத்திருந்தாராம். வீட்டின் ஒரு மூலையில் அச்சூலம். எதிர்ச் சுவரில் சிலுவை. மகனும் மருமகளும் ஜெபக்கூடத்திற்குச் செல்பவர்கள். நாம் ஒன்றும் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்: "மருமக ஆசுபத்திரியில ஒன்னரை மாசம் கெடந்தா சாமி. அவுங்க தினம் வந்தாங்க. கஞ்சி கொண்டாந்தாங்க. நம்ம கோயில்லேருந்து வரி வாங்கத்தான் வந்தாங்க."

வெள்ளையர் போய் எழுபத்தைந்து ஆண்டுகளுக்குமேல் ஆகிவிட்டன. ஜெபக்கூடத்தின் பின்னால் கலெக்டர் இல்லை, படை இல்லை. நேற்றைய இளைஞரின் வினா அந்த வீட்டில் வேறு வினாவாகிவிட்டது. 1936இல் திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேசம் அறிவிக்கப்பெற்றது. 1939 ஜூலை 8இல் மதுரை மீனாட்சி திருக்கோயிலில் வைத்தியநாதையர் அரிசன அன்பர்களை அழைத்துச் சென்றார். சட்டக் கதவு அன்றே திறந்தது. ஆனால் கதவு என்பது மரத்தால் ஆனது மட்டுமா? திருமறைக்காட்டில் மறைகள் பூசித்து அடைத்துச் சென்ற கதவு நெடுங்காலம் மூடியே கிடந்தது. ஊரார் பக்கத்தில் ஒரு வழி ஏற்படுத்திக்கொண்டு சென்று வந்தனர், அதுவே பழகிவிட்டது. அப்பர் பெருமானும் ஆளுடைய பிள்ளையாரும் எழுந்தருளியபொழுது, பக்க வழியே நுழைய அவர்களுக்கு மனம் ஒப்பவில்லை. எல்லோரும் நேர்வழியே செல்ல வேண்டும் என்று, அப்பர் நின்று, பாடிப் பாடித் திறந்தார். எளிதில் திறக்கவில்லை, பதிகம் முழுவதும் பாட வேண்டியிருந்தது. இன்றைய தலைப்பு நாயன்மார் காட்டிய நெறி என்று முதலிலேயே சொன்னோம்.

விடைபெற்று எழுந்தபொழுது அம்மூதாட்டியார் நம்மை ஒன்று கேட்டார். "சாமி, நான் இங்க வந்து நாப்பது வருசத்துக்கு மேலாச்சு. பொறப்பாட்டுக்குச் சப்பரம் கடைவீதி முக்கு வரைக்கும் வந்து திரும்பிருது. எங்க லைனுக்கு எறங்குமா?" என்றார்.

நாம் விழாக் குழுவினரிடம் கேட்டோம். பாதை குறுகியது, சப்பரம் இறங்காது என்று அன்றுதொட்டுச் சொல்லி வருகின்றனர் என்றார்கள். யார் அளந்தது என்று கேட்டோம். அளந்தவர் எவரும் இலர். இன்று காலை அன்பர் இருவரை உடன் அழைத்துக்கொண்டு, கயிறு பிடித்து நாமே அளந்தோம். பாதை குறுகிய இடத்தில் ஒன்பதடி. சப்பரம் தண்டு உட்பட ஏழடி. தண்ணீர்க் குழாய்க்கு அருகில் மட்டும் மழையில் ஓரம் சரிந்திருக்கிறது; அங்கே கல் அடுக்கி மண்ணிட வேண்டும். அரைநாள் வேலை. குழுவினர் இசைந்துவிட்டனர். நாளை மறுநாள் புறப்பாடு. மண்வெட்டியும் கூடையும் உடையவர்கள் நாளைக் காலை ஆறு மணிக்குக் கோயில் வாயிலுக்கு வந்துவிடுங்கள். நேற்று வினாவிய அந்த இளைஞரும் வருவதாகச் சொல்லியிருக்கின்றார். நாமும் வருகின்றோம்.